எதற்கும் உதவாத பாய்ப்படகு

என் கூடப்பிறந்த, என் நெஞ்சை விட்டு இறங்காத அந்தோனி அண்ணனுக்கு,

படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, எம்பிலிப்பிட்டியவுக்குப் பக்கத்துக் குளத்தில். ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

உங்களுடைய முதலாம் வருட நினைவு வருகிறது. அண்ணியும் நானும் பூசைக்குச் சொல்லியிருக்கிறோம். படம் போட்டு ஒரு நினைவுத் தாள் அடிக்கலாம் என்று தோட்டத்துத் தலைவர் சொன்னார். அச்சகத்தில் வரிகள் தயாராகவே இருக்கின்றனவாம், பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். வேண்டாம் என்றுவிட்டேன். உங்களைப் பற்றி நாலு பேர் வாசிக்கப் போகிறார்கள் என்றால், நடந்ததை வாசிக்கட்டும். கொடகவெல பஸ்ஸில் இன்னும் சிலர் உங்களைப் 'போட் பைத்தியம்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வயதில் றப்பர் மலையை விட்டுக் கடற்கரைக்குப் போனீர்கள். அங்கே ஃபைபர் படகு செய்கிற ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருடம். அச்சுக்குள் கண்ணாடி நார் விரித்து, ரெசின் பூசி, உருளையால் உருட்டி, காய்ந்ததும் கழற்றி, தேய்த்து. மீன்பிடிப் படகு, ஹோட்டல் படகு, பாய்ப்படகு. மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வருவீர்கள். சட்டையைத் துவைத்தால் என் கை முழுக்க அரிக்கும். கண்ணாடித் தூள். அந்தத் தூள் சட்டையோடு நின்றிருக்குமா, அண்ணே? இருமல் வந்தபோது நான் கேட்டேன், மாஸ்க் போட மாட்டீர்களா என்று. சிரித்தீர்கள். டாக்டர் அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

வேலையை விட்டு வந்த அன்று நீங்கள் பெட்டி படுக்கையோடு வரவில்லை. லொறியில் ஒரு பாய்ப்படகோடு வந்தீர்கள். பதினாலு அடி நீளம். வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப் போன உடம்பு. பாய்மரக் கம்பம் பக்கவாட்டில் கயிற்றால் கட்டியிருந்தது. அடிப்பக்கத்தில், இடது புறமாக, ஒரு சொளகு அளவுக்கு ஓட்டை. ஏதோ ஹோட்டலில் வாடகைக்கு ஓடி, கல்லில் மோதி, பட்டறைப் புல்லுக்குள் வருடக்கணக்காகக் கிடந்ததாம். இடத்தைக் காலி பண்ண வெட்டிப் போடச் சொன்னார்களாம். "வெட்டுறதுக்குப் பதிலா நான் எடுத்துட்டுப் போறேன்னு கேட்டேன், குடுத்துட்டாங்க" என்று பிள்ளை மாதிரி சிரித்தீர்கள்.

லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். கடைசிக் காம்பராவில் இருந்த நம் வீட்டுக்கு முன்னால், றப்பர்க் கட்டைகளை முட்டுக் கொடுத்து, கடலைப் பார்க்காத மலைச்சரிவில் அதைக் கவிழ்த்து வைத்தீர்கள். "மீன் புடிக்கவா?" என்று கேட்டார்கள். "வெள்ளத்துக்கா?" என்று கேட்டார்கள். நீங்கள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் சொன்னீர்கள், நான் றப்பர்ப் பால் வெட்டிவிட்டு வந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது.

"எத்தன போட் செஞ்சிருப்பேன் பிலோ. ஒண்ணுலயும் ஒக்காந்து போனதில்ல. ஓட்டிப் பாக்க வேற ஆளுங்க வருவாங்க. நாங்க கரையில நின்னு பாப்போம்."

"இதுல போவீங்களா?"

"போவேன். சும்மா, ஒரு தரம் அந்தப் பக்கம் போய்ட்டு இந்தப் பக்கம் வருவேன்."

அவ்வளவுதான் உங்கள் பைத்தியம். இருபத்திரண்டு வருடம் செய்த சாமானில் ஒரு தடவை ஏறிப் போக ஆசைப்பட்டது. பெரிய தொரமார் பங்களாவுக்குள் நீச்சல் குளம் வைத்திருந்த காலத்தில் யாராவது அதைப் பைத்தியம் என்று சொன்னார்களா?

ஓட்டையைச் சுற்றி உக்கிப்போன இடத்தை நீங்கள் வெட்டி எடுத்தீர்கள். விளிம்பைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்க்கத் தொடங்கினீர்கள். பாதி வட்டம் முடிந்தது. பிறகு மழை வந்தது, இருமல் வந்தது, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வந்தது பெட்டியில்.

இதிலிருந்து உங்களுக்குத் தெரியாத கதை.

நாற்பதாம் நாள் முடிந்த அடுத்த வாரம் அண்ணி ஒரு ஆளை வரச்சொல்லியிருந்தார். மரம் அறுக்கிற வாளும் கையுமாக அவர் வந்தார். படகை நாலு துண்டாக வெட்டிப் பள்ளத்தில் போடுவது ஏற்பாடு. அண்ணியைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்தால் எதிரே அது. அண்ணி என்னிடம் சொன்னது இதுதான்: "அது நிக்கிற எடத்துல ரெண்டு வாழ வச்சாலும் பிஞ்சாவது சாப்புடலாம் பிலோமினா. மனுசனும் இல்ல, அது மட்டும் எதுக்கு?"

நானும் வாள்காரருமாகச் சேர்ந்துதான் படகை நிமிர்த்தினோம், வெட்டுவதற்கு வசதியாக. நிமிர்ந்ததும் உள்ளே உட்காரும் பலகை தெரிந்தது. நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, அண்ணே. கால் தானாக ஏறிவிட்டது.

"எறங்கு" என்றார் அண்ணி.

"எறங்க மாட்டேன் அண்ணி."

"தண்ணியில்லாத எடத்துல ஒக்காந்துகிட்டு என்னா பண்ணப் போற?"

"அண்ணன் பாதி தேச்சிருக்காரு. மீதிய நான் தேய்க்கிறேன்."

"ஒனக்கு என்னா தெரியும்?"

"தெரியாது. தெரிஞ்சுக்கிறேன்."

வாள்காரர் ஒரு பீடியை முழுசாகக் குடித்து முடித்தார். பிறகு, "இது ஒங்க குடும்ப விசயம்" என்று வாளைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அண்ணி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் கதவடியில் வந்தது. அவருடைய கோபத்திலும் உப்புச் சரியாகத்தான் இருந்தது.

கிரைண்டரைக் கையில் எடுத்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. இது எனக்குத் தெரிந்த வேலைதான். இருபது வருடமாக நான் செய்வது என்ன? மரத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் ஒரு இழை சீவுகிறேன். கொஞ்சம் அழுத்தினால் மரம் காயப்படும், கங்காணி சத்தம் போடுவார். ஃபைபரும் அப்படித்தான். அழுத்தக்கூடாது, அவசரப்படக்கூடாது, சாய்வு மாறக்கூடாது. நீங்கள் தேய்த்த பாதிக்கும் நான் தேய்த்த பாதிக்கும் வித்தியாசம் தெரியாது. பிற்பாடு உங்கள் பட்டறைக் கூட்டாளி சுனிலே அப்படிச் சொன்னார். மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் தேய்த்தேன். உங்கள் மேல் உள்ள கோபத்தில் இரண்டு மாஸ்க் போட்டேன்.

முதல் தடவை தோற்றுப்போனேன். அதையும் எழுதுகிறேன். ஐப்பசி மழைக்கு நடுவே, மேலே தறப்பாள் கட்டி, நீங்கள் மிச்சம் வைத்த பழைய ரெசினைக் கலந்து, 'மேட்' என்கிற கண்ணாடி நார் விரிப்பை வெட்டி வைத்துப் பூசினேன். கெட்டியாவதற்குப் பதிலாகப் பிசுபிசுவென்று பால் நிறத்தில் நின்றது. மூன்று வாரத்தில் நடுவில் ஒரு கொப்புளம் எழுந்தது. விரலை விட்டு இழுத்தால் முழு ஒட்டும் கையோடு வந்துவிட்டது. அடியில் ஈரம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது. சொல்லியிருந்தால் அந்த ஒட்டை முகத்தில் எறிந்திருப்பேன்.

உங்கள் பழைய போனில் சுனிலின் நம்பர் இருந்தது. பட்டறையில் உங்களுக்குப் பக்கத்து அச்சில் பதினைந்து வருடம் நின்றவர். சிங்களப் பிள்ளை, ஆனால் உங்களிடம் பழகிய தமிழ். நான் அவரை 'மல்லி' என்று தம்பி முறை வைத்தேன், அவர் என்னை 'அக்கே' என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"அக்கே, ஒரு கரண்டி எடு. ஓட்டை சுத்தி மெதுவா தட்டு. சத்தம் எனக்குக் கேக்க வை."

போனைப் பக்கத்தில் வைத்துத் தட்டினேன். மேலே எல்லாம் டக் டக் என்று கெட்டியான சத்தம். அடிப்பக்கம் வர வர, சத்தம் செத்துப்போனது. ஊறிய பலகையைத் தட்டுகிற மாதிரி.

"அங்கதான்" என்றார் சுனில். "பழைய போட். ரெண்டு ஃபைபர் நடுவுல மரம் வச்சு செஞ்சது. மரம் தண்ணி குடிச்சிருக்கு. உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் வெளிய என்ன ஒட்டினாலும் நிக்காது. காய வைக்கணும் அக்கே."

"எத்தன நாள்?"

"நல்ல வெயில்னா ஒரு மாசம்."

நான் போனிலேயே சிரித்துவிட்டேன். எங்கள் மலையில் ஒரு மாதம் வெயிலா? தை மாதத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் அடித்தது, நாலாம் நாள் பிற்பகல் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த மரம் ஈரமாக இருப்பது உங்களுக்குத் தெரியுமா, அண்ணே? தெரியாமல்தான் தேய்க்கத் தொடங்கினீர்களா, இல்லை தெரிந்தும் என்னிடம் சொல்லாமல் சிரித்தீர்களா?

இந்தத் தோட்டத்தில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். பழைய புகைவீடு. முன்பு றப்பர் ஷீட்டைத் தொங்கப் போட்டுக் காய வைத்த செங்கல் கட்டிடம். பால் இப்போது பவுசர் லொறியில் வேறு பக்டரிக்குப் போவதால், அது பூட்டிக் கிடந்து வருடக்கணக்கு. சுனிலிடம் சொன்னேன். அவர், "புகை வேணாம். புகை படிஞ்சா ரெசின் புடிக்காது. தேங்காச் செரட்டக் கரி மட்டும் போடு. கதவு கொஞ்சம் தெறந்து வை, நீ வெளிய ஒக்காரு. கை பொறுக்கிற சூடு போதும், அதுக்கு மேல போனா ஃபைபர் கெட்டுப் போயிரும்" என்றார்.

பீல்ட் ஒப்பிசரிடம் கேட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். "தொரகிட்ட இருக்கு" என்றார். மூன்றாவது கடிதத்தில், பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கும் பதில் வரவில்லை. நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த எட்டுப் பேரும் நானும் படகைச் சாய்த்துத் தூக்கினோம். எல்லாம் என்னோடு பால் வெட்டுகிற பெண்கள். ஆண்கள் வழியில் நின்று, "அந்தப் பக்கம் தூக்கு, இந்தப் பக்கம் எறக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். புகைவீட்டுக் கூரையிலிருந்து பழைய தார் சொட்டாமல் பொலித்தீன் கட்டினேன். சுனில் சொன்னபடி, உள்பக்கத்து ஃபைபரில் மட்டும் சிறு சிறு துளைகள் போட்டு, படகைக் கவிழ்த்து, பின்பக்கத்தை உயர்த்தி முட்டுக் கொடுத்தேன். இரும்புத் தொட்டிகளில் கரியை மூட்டினேன். அன்று பிற்பகலே துளைகளிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது. பால் ஊற்றாத பிளேன்ரீ நிறம், குளத்துச் சேற்று நாற்றம். ஒரு மீன் டின் நிறைந்தது.

மறுநாள் பால் வெட்டி முடித்து நான் ஓடி வந்தபோது புகைவீட்டு வாசலில் அண்ணி உட்கார்ந்திருந்தார். கையில் கரண்டி, பக்கத்தில் கரி மூட்டை.

"அணையப் பாத்துச்சு" என்றார். "போட்டேன்."

அதற்குப் பிறகு காலை நேரமெல்லாம் அண்ணிதான் பார்த்துக்கொண்டார்.

அன்றே தோட்டத்தை நடத்துகிற துரை வந்தார். பீல்ட் ஒப்பிசரும் தலைவரும் பின்னால். துரை சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன். நம் ஆட்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"இது என்ன?"

"படகுங்க தொர. காய வைக்கிறோம்."

"யார் அனுமதி கொடுத்தது?"

"மூணு கடிதம் குடுத்தேன்ங்க. ஒங்க மேசையில இருக்கும்."

அவர் பீல்ட் ஒப்பிசரைப் பார்த்தார். பீல்ட் ஒப்பிசர் கூரையைப் பார்த்தார்.

"எதுக்கு இந்தப் படகு? மீன் பிடிக்கவா?"

"இல்லைங்க."

அப்போது தலைவர் குறுக்கே வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார். "வெள்ளம் வந்தா சனங்கள ஏத்துறதுக்குங்க தொர. நிவித்திகல பக்கம், இரத்தினபுரி பக்கம் எல்லாம் தண்ணி ஏறுதுல்ல. தோட்டத்துக்கும் நல்ல பேரு" என்றார். என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். துரையின் முகம்கூடக் கொஞ்சம் தெளிந்துவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அண்ணே. தலைவர் மேல் இல்லை. நமக்கு ஒரு பொருள் வேண்டும் என்றால் அது யாரையாவது காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காவது சோறு போட வேண்டும். சும்மா ஆசைக்கு என்றால் நம் வாயிலேயே வராது. உங்கள் வாயிலும் வரவில்லை, லயத்துக்கு முன்னால் ஊமையாக நின்றீர்கள்.

"வெள்ளத்துக்கு இல்லைங்க" என்றேன். "வெள்ளம் வந்தா யாரும் கேக்காமலே கொண்டு போவேன், அது வேற. இது எங்கண்ணன் ஏறிப் போக ஆசப்பட்ட படகு. அவரு இல்ல. நான் போகப் போறேன். காத்துல பாய் கட்டி, சும்மா போய்ட்டு வர்றதுக்கு."

தலைவர் நெற்றியில் கை வைத்தார். துரை என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார், வாசலில் கரியைக் கிளறிக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்தார். எந்தச் சட்டத்தில் இதைத் தடுப்பது என்று அவருக்கு விளங்கவில்லை போலிருந்தது. மனம் இளகினார் என்று எழுதினால் பொய்.

"வெள்ளிக்கிழமைக்குள் இது வெளியே போக வேண்டும்" என்றார். "தோட்டத்து நிலத்திலும் இருக்கக் கூடாது."

"சரிங்க" என்றேன். இரண்டில் ஒன்றுக்குத்தான் சரி சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது.

செவ்வாய் அரை டின் தண்ணீர். புதன் சில சொட்டு. வியாழன் துளைகளுக்கு மேல் ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ஒட்டி வைத்தேன். ஈரம் இருந்தால் உள்ளே பனி மாதிரி படியும் என்று சுனில் சொல்லியிருந்தார். மாலையில் அண்ணியும் நானும் குனிந்து பார்த்தோம். பொலித்தீன் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அண்ணி கரண்டியை எடுத்து ஓட்டையைச் சுற்றித் தட்டினார். டக் டக். "இப்பதான் பேசுது" என்றார்.

வெள்ளி காலை சுனில் புது ரெசினோடும் மேட் சுருளோடும் பஸ்ஸில் வந்து இறங்கினார். கரியெல்லாம் வெளியே கொட்டி, கதவுகளை அகலத் திறந்து வைத்தோம். உள்பக்கம் வளைவுக்கு ஏற்றபடி ஒரு தகட்டை முட்டுக் கொடுத்தோம். விளிம்பை மறுபடி தேய்த்து, அசிட்டோனால் துடைத்தோம். பிறகு மேட், ரெசின், உருளை. காற்றுக் குமிழ் ஒன்றுகூட நிற்காமல் உருட்ட வேண்டும். எட்டு அடுக்கு. உள்பக்கத்துச் சிறு துளைகளையும் அப்படியே அடைத்தோம். ரெசினைக் கலப்பதைத் தவிர வேறொன்றையும் சுனில் தொடவில்லை. "ஒன் அண்ணன் கை இருக்கு அக்கே ஒனக்கு" என்றார். "இல்ல மல்லி, இது பால் வெட்டுற கை" என்றேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை படகை வெளியே எடுக்கவில்லை. சனிக்கிழமை பீல்ட் ஒப்பிசர் வந்தார்.

"தொர வெள்ளிக்கிழமைன்னு சொன்னாரு பிலோமினா."

"இன்னும் காயலைங்க. தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. அதை எப்படிக் கழுவுவது என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார். ஞாயிறு மாலை அது கல்லாகிவிட்டது. சுத்தியலின் மரப்பிடியால் ஓங்கிக் குத்தினேன். பிடிதான் அதிர்ந்தது.

தோட்டத்து நிலத்தில் வைக்கக் கூடாது என்று எழுத்திலேயே வந்துவிட்டது. என் மூன்று கடிதத்துக்கும் வராத பதில், அதற்கு மட்டும் ஒரே நாளில் வந்தது. போகட்டும். எம்பிலிப்பிட்டிய குளத்தில் மீன் பிடிக்கிற ஒருவரைச் சுனிலுக்குத் தெரியும். அவர் தன் வீட்டு வேலிக்குள் இடம் கொடுத்தார். லொறி பிடித்துப் படகை அங்கே கொண்டு போனோம். பாயில் இரண்டு இடத்தில் தையல் விட்டிருந்தது. அண்ணி தன் மெஷினில் தைத்தார். தைக்கும்போது முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே தைத்தார். "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, நானும் வர்றேன்னு சொல்லியிருப்பேன்ல" என்பதுதான் அதில் கடைசித் திட்டு. ஏன் அண்ணே அண்ணியிடம் சொல்லவில்லை?

படகை இறக்குகிற ஞாயிறு வந்தது. தென்மேற்குக் காற்று குளத்தின் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி கரையில் நின்றார். சுனில் கொண்டு வந்த லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நானும் அவரும் ஏறினோம். பாயை ஏற்றியதும் அது சாட்டை மாதிரி அடித்தது. பிறகு காற்றைப் பிடித்தது. படகு சாய்ந்தது, புறப்பட்டுவிட்டது.

பயந்தேன். மறைக்க மாட்டேன். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில், எஞ்சின் சத்தம் இல்லாமல், துடுப்பு இல்லாமல், நாங்கள் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. அடியில் தண்ணீர் உரசிக்கொண்டு ஓடுகிற சத்தம் மட்டும். ஒட்டுப் போட்ட இடத்தில்தான் என் கால் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்தேன். தண்ணீர் வெளியே ஓடுவது பாதத்தில் தெரிந்தது. அந்த அதிர்வை உங்களுக்கு எப்படி எழுதுவேன்? நீங்கள் கரையில் நின்று பார்த்த இத்தனை வருடத்திலும் அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் காற்று துடைத்துவிட்டது.

போவது போய்விட்டோம். திரும்பத்தான் தெரியவில்லை. சுனில் பட்டறையில் பார்த்திருக்கிறாரே தவிர ஓட்டியதில்லை. திருப்பப் போனால் படகு காற்றுக்கு நேரே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றுவிடும், பிறகு பின்னால் நகரும். மூன்று தடவை அப்படி. ஒரு தடவை பாயின் அடிக்கட்டை என் தலையில் போட்டது. கடைசியில் அக்கரை நாணலுக்குள் போய்ச் செருகி நின்றோம். இடம் கொடுத்த மீன்காரர் தன் எஞ்சின் வள்ளத்தில் வந்து, கயிறு கட்டி, எங்களை இழுத்துக்கொண்டு வந்தார். கரையில் நின்ற ஒருவர், "மாலு தியெனவத?" என்றார், மீன் இருக்கிறதா என்று. "நே", இல்லை என்றேன். அப்புறம் எதற்குப் போனீர்கள் என்றார். "போறதுக்குத்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்கு விளங்கியதா தெரியாது. நான் விளக்கவில்லை.

படகைக் கரையில் கட்டியதும் அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து ஏறினார். நான் காட்டாமலே ஒட்டுப் போட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அலையில் படகு மெதுவாக ஆடியது. அண்ணி, "அடுத்த தரம் என்னயத்தான் கூட்டிட்டுப் போகணும். ஆனா இழுத்துட்டு வர்றதுன்னா நான் வரமாட்டேன்" என்றார்.

சுனில் சொல்கிறார், காற்று வருகிற பக்கத்துக்கே பாயை வைத்துப் போகலாமாம். நேராக இல்லை, அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று சாய்ந்து சாய்ந்து. யாருக்கு அது வருமோ அவர்கள் எங்கே போனாலும் புறப்பட்ட கரைக்குத் திரும்பலாமாம். இந்தக் காற்று ஆவணி வரைக்கும் அடிக்கும் என்று மீன்காரர் சொன்னார். எனக்கு அது போதும். ஞாயிறு பூசை முடிந்ததும் எம்பிலிப்பிட்டிய பஸ் இருக்கிறது.

அண்ணே, வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் காற்று ஓய்வதற்கு முன்னால் அண்ணியை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய், கயிறு இல்லாமல், யார் உதவியும் இல்லாமல், காற்றுக்கு எதிரே திரும்பி வருவேன். எதற்கு என்று கேட்பவர்கள் கரையில் நின்று கேட்கட்டும்.

உங்களுக்கு அடுத்துப் பிறந்த, உங்களை விடப் பிடிவாதக்காரியான
உங்கள் தங்கச்சி,
பிலோமினா